சோலாரில் ஓடும் வீட்டு மோட்டார் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

சோலார் மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்றதும் எங்கள் கடலூர்ப் பக்கம் முதலில் சொல்வது "பேனல் போயிடுச்சு" என்பதுதான். அடுத்ததாக "மோட்டாரைத் தூக்கிப் பாத்துடலாம்" என்பார்கள். போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்குவது லேசான செலவில்லை. அப்படித் தூக்கிப் பார்த்தால் பல வீடுகளில் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பேனலும் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை. கோளாறு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், அல்லது தண்ணீர்ப் பக்கம் இருக்கும்.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இது எந்த நேரத்தில் நடக்கிறது? காலையில் மட்டுமா, உச்சி வெயிலிலா, மேகம் வரும்போதா, மழை பெய்த மறுநாளா, இல்லை எப்போதுமேவா? சோலாரில் கிடைக்கும் பவர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. கோளாறும் அதை ஒட்டித்தான் தலைகாட்டும். நேரத்தைச் சரியாகச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேனலிலிருந்து கன்ட்ரோலர் (பேனல் பவரை மோட்டாருக்குத் தகுந்தபடி கொடுக்கும் பெட்டி) வழியாக நேராக டிசி மோட்டாருக்குப் போவது ஒன்று. த்ரீ ஃபேஸ் மோட்டாரை விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர்) வைத்துச் சோலாரில் ஓட்டுவது இன்னொன்று. மூன்றாவது, வீட்டுக்கே சோலார் போட்டு, அந்த இன்வெர்ட்டரில் பழைய மோட்டாரையும் ஓட்டுவது. கீழே சொல்வதில் சில எல்லாருக்கும் பொருந்தும், சில ஒரு வகைக்கு மட்டும்.

கை வைப்பதற்கு முன்

பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரை அதில் வோல்டேஜ் இருக்கும். வீட்டு மெயினை அணைத்தாலும் மொட்டை மாடியிலிருந்து வரும் ஒயர் உயிரோடுதான் இருக்கும். நான்கு பேனலைத் தொடராகக் கோர்த்தால் 180 வோல்ட் டிசியைத் தாண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி-4 கனெக்டரை (பேனல் ஒயர்களை இணைக்கும் கருப்புப் பிளக்) பிடுங்கினால் தீப்பொறி நீளமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஏசியில் ஒவ்வொரு சுழற்சியிலும் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அந்த வசதி இல்லை. டிசி ஐசொலேட்டரை, அதாவது பேனல் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்சை, அணைத்த பிறகுதான் எதையும் பிரிக்க வேண்டும். டிசி லைனில் சாதாரண ஏசி எம்சிபி (தானாக ட்ரிப் ஆகும் ஸ்விட்ச்) மாட்டியிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கையில் டிசி வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். டிசி ஆம்பியரும் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. டாங் டெஸ்டர் என்று சொல்லும் பழைய கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டும்தான் காட்டும்.

"நல்ல வெயில், கன்ட்ரோலரில் லைட்டே எரியலை"

கன்ட்ரோலருக்குள் பேனல் ஒயர் நுழையும் இடத்தில் வோல்டேஜ் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் ஐசொலேட்டர், டிசி ஃபியூஸ், கனெக்டர் என்று மேல்நோக்கிப் போக வேண்டும். தொடரில் ஒரே ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மொத்தமும் பூஜ்யம்தான். மைனஸ் குறியோடு வந்தால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வோல்டேஜ் வருகிறது, ஆனால் குறைவு என்றால் அவசரப்பட வேண்டாம். பேனல் பின்பக்க ஸ்டிக்கரில் விஓசி (மோட்டார் இழுக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) என்று போட்டிருக்கும் எண் 25 டிகிரி வெப்பத்துக்கானது. கடலூர் வெயிலில் மதியம் பேனல் 60 டிகிரிக்குச் சர்வ சாதாரணமாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம் வோல்டேஜ் இறங்கும். 46 வோல்ட் பேனல் நான்கு என்றால் கணக்குப்படி 184 வர வேண்டும். மதியம் 165 பக்கம் காட்டினால் அது சரியான அளவுதான். அதற்கும் கீழே பதினான்கு, பதினைந்து வோல்ட் குறைந்தால், ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு செத்திருக்கிறது, அதாவது அந்தப் பகுதிக்கான பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்டை அனுப்பும் சிறு பாகம்) ஷார்ட் ஆகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பேனல்களைத் தனித்தனியாக அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஆள் மாட்டிக்கொள்வார்.

உள்ளே வோல்டேஜ் சரியாக வந்தும் லைட் இல்லை என்றால்தான் கன்ட்ரோலர் மேல் சந்தேகம். அதற்குப் பிறகு அது சர்வீஸ் ஆள் வேலை.

"லைட் எரியுது, மோட்டார் கிளம்பிக் கிளம்பி நிக்குது"

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். தேவனாம்பட்டினம், தாழங்குடா, அந்தப் பக்கம் புதுச்சேரியில் வீராம்பட்டினம் வரை எல்லா இடத்திலும் இதே கதை. மோட்டார் ஓடாதபோது வோல்டேஜ் கச்சிதமாக இருக்கும். மோட்டார் கிளம்பி நாலு சுற்று சுற்றியதும் வோல்டேஜ் சரிந்துவிடும், கன்ட்ரோலர் நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். சரியாகக் கவ்வாத ஒரு ஜாயின்ட் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அளக்கும்போது மீட்டர் வழியாகக் கரண்ட் ஏறக்குறைய போவதே இல்லை, அதனால் கோளாறு தெரியாது. மோட்டார் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எனவே மோட்டார் ஓடுகையில் வோல்டேஜ் பாருங்கள். ஓடாதபோது இருந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. பாதிக்குக் கீழே விழுந்தால் கனெக்டர்களைப் பார்க்க வேண்டியதுதான்.

ஐசொலேட்டரை அணைத்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். நல்ல கனெக்டரில் உள்ளே இருக்கும் உலோகப் பின் வெள்ளி போல் பளபளக்கும். கெட்டுப்போனதில் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும், அடியில் உப்புப் பொடி வெள்ளையாக ஒட்டியிருக்கும். சூடேறியதாக இருந்தால் கருப்புப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி, உதட்டோரம் லேசாக உருகிச் சுருங்கியிருக்கும். பிரிக்கவே வராமல் இறுகியிருந்தால் அதுவும் சூடான கனெக்டர்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்; பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினாலும் மாட்டும், ஆனால் பிடிப்பு சரியாக அமையாது. பின்னை அதற்கான கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்கக் கூடாது. அப்புறம், கனெக்டர் மாடித் தரையில் கிடக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் தேங்கும் தண்ணீரில் ஊறிய கனெக்டர்தான் தை மாதம் தகராறு செய்யும். ஃபிரேமோடு தூக்கிக் கட்டுங்கள். ஒயர் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு வரட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

"காலையில மோட்டார் சுத்துது, தண்ணி மட்டும் ஏற மாட்டேங்குது"

பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகி, மூன்றரை நான்குக்கு மறுபடி இப்படி ஆனால் இது கோளாறே இல்லை. டிசி மோட்டாரும் விஎஃப்டி மோட்டாரும் வெயில் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். ஆனால் வேகம் குறைந்தால் தண்ணீரை ஏற்றும் உயரம் அதைவிட வேகமாகக் குறையும். வேகம் 80 சதவீதம் என்றால் உயரம் 64 சதவீதம்தான். முழு வேகத்தில் 40 மீட்டர் ஏற்றும் பம்ப், அப்போது 25 மீட்டரைத்தான் தொடும். போரில் தண்ணீர் மட்டத்திலிருந்து மாடித் தொட்டி வரை 28 மீட்டர் இருந்தால், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே ஒரு சொட்டும் வராது.

வெறுமனே அப்படிச் சுற்றுவது மோட்டாருக்கும் நல்லதில்லை. தண்ணீர் நகராததால் அது சூடாகும். விஎஃப்டியில் குறைந்தபட்ச வேகம் என்று ஓர் அமைப்பு இருக்கும். தண்ணீர் மேலே வர ஆரம்பிக்கும் வேகத்தைப் பார்த்து அதற்குச் சற்று மேலே வைத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கே தண்ணீர் வேண்டும் என்றால் பேனல் கூட்ட வேண்டும். கூட்டும்போது கன்ட்ரோலர் தாங்கும் உச்ச வோல்டேஜைத் தாண்டக் கூடாது. இதற்கு மதிய அளவை நம்பாதீர்கள். குளிர்ந்த மார்கழிக் காலையில்தான் வோல்டேஜ் அதிகம்.

"எப்ப போட்டாலும் ஓடுது, தண்ணி இல்லை"

வெயிலோடு சம்பந்தமில்லை, ஆகவே சோலாரை விட்டுவிடுங்கள். கிணற்றில் மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார் என்றால் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வ் ஒழுகிக் காற்று பிடித்திருக்கும், அல்லது கோடையில் தண்ணீர் இறங்கி உறிஞ்சும் ஆழம் ஏழு மீட்டரைத் தாண்டியிருக்கும். எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் மேலிருந்து அதற்குமேல் உறிஞ்சுவது கஷ்டம். போரில் சப்மெர்சிபிள் என்றால் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் பைப் ஜாயின்ட் விட்டிருக்கிறது. அப்போது மட்டும் மோட்டாரைத் தூக்கத்தான் வேண்டும்.

சமீபத்தில் யாராவது ஒயரைக் கழற்றி மாட்டினார்களா? த்ரீ ஃபேஸ் மோட்டாரோ மூன்று ஒயர் டிசி மோட்டாரோ என்றால் இரண்டு ஒயர் இடம் மாறினாலே தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் வரவே வராது, அல்லது நூலாக வரும். ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

"டிரை ரன்னு காட்டி நிக்குது"

டிரை ரன் என்றால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். இங்கேதான் நேரம் பார்ப்பது மிகவும் உதவும். மேகமூட்டத்தில் மட்டும் இப்படி வந்தால், வெயில் குறைந்து மோட்டார் குறைவாகக் கரண்ட் இழுப்பதைக் கன்ட்ரோலர் தண்ணீர் இல்லை என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. டிரை ரன் அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் சரியாகும். ஆனால் அந்தப் பாதுகாப்பை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள்.

பளிச்சென்ற வெயிலில், ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு வந்தால் உண்மையிலேயே போரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அரை மணி விட்டால் ஊறிவிடும், மறுபடி வரும். இதற்குப் பெரிய மோட்டார் போடுவது இருக்கிற தண்ணீரை இன்னும் சீக்கிரம் தீர்க்கும் வழி. உச்ச வேகத்தைக் குறைத்து வையுங்கள். மெதுவாக, ஆனால் நாள் முழுக்க எடுங்கள். கடலோரத்தில் இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மட்டம் இறங்க இறங்க வேகமாக இழுத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். ஒருமுறை உப்பேறிய போர் மறுபடி நல்ல தண்ணீர் தர வருடக்கணக்காகும். சோலாரில் கரண்ட் பில் இல்லை என்பதால் நாள் முழுக்க மோட்டாரை ஓட விட்டுத் தொட்டி வழிய வைக்கும் வீடுகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அடியில் இருக்கும் தண்ணீர் தெருவுக்கே பொது.

"உச்சி வெயில்ல நின்னுடுது, சாயங்காலம் ஓடுது"

கன்ட்ரோலர் சூடாகிறது. மேற்குச் சுவரில் வெயில் படும்படி மாட்டியிருப்பார்கள். நிழலுக்கு மாற்றுங்கள், சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பின்னால் இருக்கும் அலுமினிய விசிறித் தகடுகளில் தூசியும் உப்பும் அடைந்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எறும்பும் பல்லியும் குடிபுகும். போர்டில் பல்லி மாட்டி எரிந்துபோன கன்ட்ரோலர்கள் எங்கள் ஊரில் நிறைய.

"ஓடுது, ஆனா முன்ன மாதிரி தண்ணி இல்லை"

முதலில் அளந்து பாருங்கள். தொட்டியில் விழும் பைப்பில் 20 லிட்டர் கேன் வைத்து, பன்னிரண்டு மணி வெயிலில் நிரம்ப எத்தனை நொடி என்று குறித்து வைப்பது நல்ல பழக்கம். ஆயிரம் லிட்டரை 30 மீட்டர் ஏற்றத் தேவையான சக்தி வெறும் 82 வாட்-மணிதான். பம்ப், மோட்டார், பைப் உராய்வு எல்லாம் விழுங்கியது போகப் பேனலிலிருந்து 250 முதல் 300 வரை எடுக்கும். 540 வாட் பேனல் ஒன்றே நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் இதைக் கொடுத்துவிடும். நான்கு பேனல் வைத்தும் ஆயிரம் லிட்டர் தொட்டி நாள் முழுக்க நிரம்பவில்லை என்றால், எங்கோ நிச்சயம் தகராறு இருக்கிறது.

பேனல் அழுக்கைப் பாருங்கள். கடல்காற்றில் உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு படலமாகப் படியும், சாதாரண மழையில் முழுதாகப் போகாது. காக்கை எச்சம் இன்னும் மோசம். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லை மூடினால் அதோடு சேர்ந்த பகுதி முழுக்க முடங்கும். அதிகாலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீர் ஊற்றி மெத்தென்ற துணியால் துடையுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் துடைத்துக் காய வையுங்கள், இல்லையேல் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்புத்தூளும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது.

நிழலும் மாறும். மார்கழியில் கடலூரில் நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனலுக்குத் தெற்கே இருக்கும் ஒரு மீட்டர் கைப்பிடிச்சுவர் முக்கால் மீட்டர் அளவுக்கு நிழல் விடும். பங்குனியில் பேனல் மாட்டியபோது அந்த நிழல் கண்ணில் பட்டிருக்காது. பக்கத்து வீட்டுத் தென்னை வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பம்ப் தேய்மானம். எங்கள் மணற்பாங்கான நிலத்தில் போர்த் தண்ணீரோடு வரும் பொடி மணல் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அரித்துவிடும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து அசையாமல் வைத்தால் மணல் அடியில் தெரியும்.

"இன்வெர்ட்டர்ல போட்டா உறுமுது, சுத்தலை"

ஈபி கரண்டிலும் உறுமினால் கண்டென்சர் போயிருக்கும். மலிவான சாமான், மாற்றுங்கள். ஈபியில் கிளம்பி இன்வெர்ட்டரில் மட்டும் உறுமினால் இன்வெர்ட்டருக்குச் சக்தி போதவில்லை. ஓடும்போது ஆறு ஆம்பியர் எடுக்கும் ஒரு எச்.பி. மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். சிங்கிள் ஃபேஸ் கண்டென்சர் மோட்டாரைச் சாதாரண விஎஃப்டியில் மாட்டி ஓட்டப் பார்க்காதீர்கள், இரண்டுமே கெடும்.

"ஈபி போனா சோலாரும் போயிடுது"

மாடியில் பேனல் நிறைய இருக்கும், வெயிலும் கொளுத்தும், ஆனால் மோட்டார் ஓடாது. மானியத்தில் போடும் ஆன்-கிரிட் சோலார், அதாவது ஈபி லைனோடு இணைந்து ஓடுவது, அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. லைனில் கரண்ட் இல்லாதபோது நம் வீட்டிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால் இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்ளும்.

ஆனால் போடும்போதே இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு கடலூரில் பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோதும் தெருவெல்லாம் வெள்ளம், தொட்டியில் தண்ணீர் இல்லை என்ற நிலை. நம் ஊரில் சோலார் போடுகிறவர்கள் இந்த நாட்களை மனதில் வைத்துத்தான் போட வேண்டும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒரு வழி. அதைவிடச் செலவு குறைவு, இரண்டு மூன்று பேனலைத் தனியாகப் பிரித்து ஒரு சிறிய டிசி பம்ப் வைப்பது. ஜெனரேட்டரைக் கொடுத்து ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை ஏமாற்றி ஓட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிஞ்சும் பவர் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும்.

"காலையில எர்த் ஃபால்ட்டு காட்டுது, பைப்பைத் தொட்டா சுர்ருங்குது"

எர்த் ஃபால்ட் என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பனி ஈரத்தில் காலையில் காட்டி, வெயில் ஏறியதும் மறைந்தால், மாடியில் ஏதோ ஓர் ஒயரின் தோல் உரிந்திருக்கிறது அல்லது கனெக்டருக்குள் ஈரம் போயிருக்கிறது. ஃபிரேமின் கூர்மையான விளிம்பில் ஒயர் உரசும் இடங்களை முதலில் பாருங்கள். மதியம் சரியாகிவிடுகிறதே என்று விடாதீர்கள். எல்லா நேரமும் காட்டினால் போருக்குள் இருக்கும் கேபிள் ஜாயின்ட் அல்லது மோட்டார் வைண்டிங். மெகர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க எலக்ட்ரீஷியன் வேண்டும்.

பைப்பிலோ ஃபிரேமிலோ ஷாக் அடித்தால் அந்த நிமிடமே ஐசொலேட்டரை அணையுங்கள், மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். எர்த் பட்டையைப் பாருங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து, பெயிண்ட் மட்டும் நின்று, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். புயலில் கண்ணாடி உடைந்த பேனலுக்கும் இதே எச்சரிக்கை: உடைந்தாலும் அது கரண்ட் தயாரித்துக்கொண்டுதான் இருக்கும், ஈரக் கையோடு அப்புறப்படுத்தப் போகாதீர்கள்.

ஆளைக் கூப்பிடும்போது பேனல் ஸ்டிக்கர், மோட்டார் பிளேட், கன்ட்ரோலரில் வரும் எரர் எண் ஆகியவற்றின் போட்டோ, போர் ஆழம், மோட்டார் ஓடாதபோதும் ஓடும்போதும் வோல்டேஜ் எவ்வளவு, எந்த நேரத்தில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சரியான சாமானோடு வருவார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கன்ட்ரோலர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்தே ஃபோனில் சொல்லிவிடலாம்.